கலகக் குரல்கள்: பங்க் இசையில் இளம்பெண்கள்
ஒலிம்பியா, வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா, 1990களின் தொடக்கம்

1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் உருப்பெற்ற பங்க் ராக், முறையான இசைப்பயிற்சி இல்லாதவரும் மேடையேறலாம் என்ற துணிவைத் தந்த, வேகமும் உரத்த குரலும் கொண்ட இசைவடிவமாகும். தி ஸ்லிட்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் முதலிய, பெண்கள் முன்னின்ற குழுக்கள் லண்டனில் தொடக்கத்திலேயே தோன்றியிருந்தும், 1980களின் அமெரிக்கப் பங்க் அரங்குகளில் மேடையையும், பார்வையாளர்கள் மோதித் தள்ளி ஆடும் முன்பகுதியையும் பெரும்பாலும் ஆண்களே நிறைத்திருந்தனர்.

இந்நிலையை எதிர்த்தெழுந்த இளம்பெண்களின் இயக்கமே ‘ரயட் கேர்ள்’. 1990இல் ஒலிம்பியாவில் உருவாகிய பிகினி கில் குழுவின் பாடகி கேத்லீன் ஹன்னா, பெண்களை மேடையருகே வருமாறு அழைத்து, அரங்கில் அவர்களுக்குரிய இடத்தை உறுதிசெய்ததோடு, பொதுவில் பலரும் பேசத் தயங்கிய பாலியல் வன்முறையையும் பாடுபொருளாக்கினார். 1991 ஆகஸ்டில் அந்நகரில் நடந்த இன்டர்நேஷனல் பாப் அண்டர்கிரவுண்ட் இசைவிழாவின் முதல் இரவு பெண் கலைஞர்களை முன்னிறுத்தியது.

‘ஸீன்’ எனப்பட்ட சிற்றிதழ்களைக் கையெழுத்திலும் தட்டச்சிலும் தாங்களே உருவாக்கி, ஒளிநகல் எடுத்து, நேரிலும் அஞ்சலிலும் பரப்பியதால், பெருநிறுவனங்களின் தயவின்றியே இப்பெண்கள் ஊர்கடந்து ஒருங்கிணைந்தனர். வெள்ளையின நடுத்தர வர்க்கத்தினரையே பெரிதும் மையப்படுத்தியது என்ற விமர்சனத்துக்கும் உள்ளான இவ்வியக்கத்தின் ஆவணங்கள் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகத் தொகுப்பில் பாதுகாக்கப்படுகின்றன.