வேரைப் பிடித்தால் சொல் விளங்கும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்த என்னை, என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் கண்ணீரோடு எதிர்கொண்டான். அவனுடைய உம்மாவின் கழுத்தில் தோன்றிய கட்டியிலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் அறிக்கை அன்றுதான் கைக்கு வந்தது. மருத்துவரையோ மறுநாள் காலையில்தான் பார்க்க இயலும். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் அவனுடைய அக்கா அந்தத் தாளில் 'டியூமர்' என்னும் சொல்லைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டாள். வீடே மவுத்து வீடுபோல் ஆகிவிட்டது.

தாளை வாங்கிப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு முன்னால் 'பினைன்' என்று மற்றொரு சொல் இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன்: கலைப் பட்டதாரியாகிய எனக்கும் அதன் பொருள் தெரியவில்லை. வீட்டிற்கு விரைந்து அகராதியைப் புரட்டினேன். 'தீங்கற்றது, புற்றுநோய் அல்லாதது' என்றிருந்தது. மீண்டும் ஓடினேன். மறுநாள் மருத்துவரும் அதையே உறுதிப்படுத்தினார், அல்ஹம்துலில்லாஹ்.

ஆங்கிலத்தில் ஆறே எழுத்துகள் கொண்ட ஒரு சொல். அதை அறிந்த ஒருவர் அந்த வீட்டில் இருந்திருந்தால் அத்தனை கண்ணீரும் மிஞ்சியிருக்கும் அன்றோ?

கடினமான ஆங்கிலச் சொற்களைக் கற்பது படாடோபத்திற்காக என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறு அன்று. மருத்துவ அறிக்கை, வங்கிக் கடன் பத்திரம், வெளிநாட்டு வேலை ஒப்பந்தம் ஆகிய யாவும் அத்தகைய சொற்களால்தான் எழுதப்படுகின்றன. பொருள் அறியாமல் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் வருந்துவோரை நாம் பார்க்கத்தானே செய்கிறோம்!

மனனம் மட்டும் போதாது

நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில், தமிழ் வழியில் படித்து வந்த குறையைப் போக்க எண்ணி, அகராதியை முதல் பக்கத்திலிருந்து மனனம் செய்யத் தொடங்கினேன். 'பி' எழுத்தை எட்டுவதற்குள் 'ஏ' எழுத்தில் படித்தவை மறந்துபோயின. இரண்டே வாரங்களில் முயற்சி நின்றது. குறை என் நினைவாற்றலில் இல்லை, முறையில்தான் இருந்தது என்பதை மதரஸாவில் 'ஸர்ஃபு' பாடம் நடத்தத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன்.

காஃப், தா, பா என்னும் மூன்று எழுத்துகளை அறிந்தவருக்குக் கிதாப், காதிப், மக்தப், மக்தூப் ஆகிய யாவும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். நூல், எழுதுபவர், எழுதக் கற்பிக்கும் இடம், எழுதப்பட்டது என்று பொருள் தானாக விரிகிறது. ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்களில் பெரும்பாலானவையும் இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து இவ்வாறே கிளைத்தவை. எழுதுதலைக் குறிக்கும் இலத்தீன் வேர் 'ஸ்கிரிப்'. கையால் எழுதிய சுவடி 'மேனுஸ்கிரிப்ட்'. கல்லில் பொறித்தது 'இன்ஸ்கிரிப்ஷன்'. மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு 'பிரிஸ்கிரிப்ஷன்'.

இனி நம் 'பினைன்' என்னும் சொல்லுக்கு வருவோம். 'பெனே' என்றால் இலத்தீனில் நன்மை. நன்மை 'பெனிஃபிட்', பயன் பெறுபவர் 'பெனிஃபிஷியரி', நன்மை நாடும் உள்ளம் உடையவர் 'பெனவலன்ட்'. இதன் எதிரி 'மால்', அதாவது தீமை. உயிருக்குக் கேடு செய்யும் கட்டி 'மலிக்னன்ட்'. ஊட்டக் குறைவு 'மால்நியூட்ரிஷன்'. 'மலேரியா' என்னும் பெயரும் கெட்ட காற்று எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்து வந்ததே. கொசுவால் பரவுவது என்று அறியப்படுவதற்கு முன், சதுப்பு நிலத்துக் காற்றே அந்நோய்க்குக் காரணம் என மக்கள் நம்பினர். இரண்டு வேர்களை அறிந்தால் இத்தனை சொற்கள் நம் வசமாகின்றன.

நமக்கு உறவான சொற்கள்

ஆங்கிலத்தை முற்றிலும் அந்நிய மொழி என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மியின் நூற்பெயரில் உள்ள 'அல்ஜப்ர்' என்னும் சொல்லே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. அவருடைய பெயரே 'அல்காரிதம்' என்று திரிந்து, இன்று கணினித் துறையில் ஆட்சி செய்கிறது. இந்தியாவில் பிறந்த சுழியத்தை அரபியர் 'ஸிஃப்ர்' என்றனர். அதுவே 'ஜீரோ' என்றும் 'சைஃபர்' என்றும் இரு வடிவம் பெற்றது. பருத்தியைக் குறிக்கும் 'காட்டன்', கடற்படைத் தலைவரைக் குறிக்கும் 'அட்மிரல்' ஆகியவையும் அரபு வழி வந்தவையே.

கிடங்குகளைக் குறிக்கும் 'மகாஸின்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததே 'மேகசின்'. 1731இல் இலண்டனில் எட்வர்டு கேவ் தொடங்கிய இதழுக்கு இப்பெயர் சூட்டப்பட்ட பிறகு, அது இதழ்களுக்கான பொதுப் பெயராயிற்று. ஆக, நீங்கள் கையில் வைத்திருக்கும் இதழும் ஓர் அறிவுக் கிடங்கே! தமிழின் கட்டுமரமும் சுருட்டும்கூட 'கட்டமரான்', 'செரூட்' என ஆங்கில அகராதியில் இடம்பெற்றுள்ளன.

எச்சரிக்கை தேவை

வேரை மட்டும் நம்பினால் சில இடங்களில் வழுக்கிவிடும். 'இன்' என்னும் முன்னொட்டுப் பல சொற்களில் 'இல்லை' என்று பொருள்படும். ஆனால் 'இன்வேல்யுவபிள்' என்பது மதிப்பற்றது அன்று; மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. லாரியின் பின்புறம் 'இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருந்தால் தீப்பற்றாது என்று எண்ணிவிடாதீர்கள். எளிதில் தீப்பற்றும் என்பதே அதன் பொருள். இங்கே பிழை உயிரைப் பறிக்கும்.

சொல்லின் மணமும் அறிய வேண்டும். எங்கள் விழா ஒன்றுக்கு ஆங்கிலத்தில் வரவேற்புரை எழுதிய மாணவன், சிறப்பு விருந்தினரை 'நொட்டோரியஸ்' அறிஞர் என்று குறிப்பிட்டிருந்தான். 'பெயர் பெற்றவர்' என்று அகராதியில் பார்த்தானாம். தீய செயலால் பெயர் பெற்றவரையே அச்சொல் குறிக்கும் என்பதை அவன் அறியவில்லை. நல்லவேளை, மேடை ஏறுமுன் என் கண்ணில் பட்டது. எனவே ஒரு சொல்லைத் தனியே கற்காமல், அது வழங்கும் ஒரு வாக்கியத்தோடு கற்க வேண்டும்.

எத்தனை சொற்கள்? எவ்வாறு?

டாக்காவில் பணியாற்றிய ஆங்கில ஆசிரியர் மைக்கேல் வெஸ்ட், அன்றாட வாசிப்புக்கு இன்றியமையாத ஏறத்தாழ 2,000 சொற்களை 1953இல் தொகுத்து வெளியிட்டார். உயர்கல்வி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை நியூசிலாந்தின் அவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்தார். நாளொன்றுக்கு ஐந்து குடும்பங்கள் வீதம் கற்றால் 114 நாள்களில் இந்த 570ஐயும் ஒருமுறை கடந்துவிடலாம். நான்கு மாதம்கூட ஆகாது.

கற்றதைத் தக்கவைக்கும் வழியும் நமக்குப் புதிதன்று. திரும்பப் பாராத பாடம் விரைவில் மறந்துபோகிறது என்பதையும், இடைவெளி விட்டு ஓதுவதே நிலைக்கிறது என்பதையும் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885இல் நூலாக வெளியிட்டார். புதிய பாடத்தோடு பழைய பாடத்தையும் நாள்தோறும் ஒப்புவிக்கும் ஹிஃப்ழு மாணவர்களுக்கு இது தெரிந்த உண்மையே.

ஒரு குறிப்பேட்டில் சொல், வேர், பொருள், ஒரு வாக்கியம் என நான்கு பத்திகள் இடுங்கள். எழுதியதை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், மாத முடிவு எனத் திரும்பப் பாருங்கள். தாய்மார்களே! ஆங்கிலம் அறியாவிட்டாலும் பரவாயில்லை. குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையிடம் தமிழ்ப் பொருளைச் சொல்லிச் சொல்லைக் கேளுங்கள். கேட்கக் கேட்க நீங்களும் கற்றுவிடுவீர்கள்.

பிறமொழி கற்பது நம் மரபுக்குப் புறம்பானதும் அன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பணிப்பை ஏற்று, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் யூதர்களின் எழுத்தை அரை மாதத்திற்குள் கற்றுத் தேர்ந்தார்கள். கடிதங்களைப் பிறர் தயவின்றிப் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் வீட்டுக்கு வரும் தாள்களை நாமே படிக்க வேண்டும் என்பதும் அதுவே.

அந்த மாணவனின் அக்கா மறுவாரமே ஒரு குறிப்பேடு தொடங்கினாள். முதல் வரியில் அவள் எழுதிய சொல் எதுவென்று நான் கூறத் தேவையில்லை. உங்கள் இல்லத்தின் குறிப்பேட்டில் முதற்சொல் எது? இன்றிரவே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த தாள் வரும்போது அழ வேண்டியிராது.