குறட்டை நடுவில் நின்றால்...

குறட்டை என்றாலே நம் வீடுகளில் கேலிதான். "உங்க மாமா தூங்கினா தெருவுக்கே கேக்குது" என்று சிரிப்போம். ஆனால் பயப்பட வேண்டியது அந்தச் சத்தத்துக்கு இல்லை. நடுவில் அது சட்டென்று நின்றுபோவதற்கு.

நாங்கள் பெரம்பலூர்வாசிகள். என் வீட்டுக்காரர் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். ஐம்பது வயது, கனத்த சரீரம், குட்டைக் கழுத்து. இரவில் குறட்டை ஏறிக்கொண்டே போய் திடீரென்று ஓய்ந்துவிடும். வயிறும் நெஞ்சும் அசையும், மூக்கில் காற்று இருக்காது. நான் மனசுக்குள் எண்ணுவேன். இருபது, இருபத்தைந்து வந்ததும் திணறிக்கொண்டு மூச்சு இழுப்பார். காலையில் தலைவலி, உலர்ந்த வாய். பகலில் சோற்றுத் தட்டின் முன்னாலேயே கண் சொருகும். கேட்டால், "ராத்திரி நல்லாத்தானே தூங்கினேன்!" என்பார். அது பொய்யில்லை, சகோதரிகளே. தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது, பக்கத்தில் படுப்பவர்தான் சாட்சி.

ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை போட்டும் குறையாததால் டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. "ஏம்மா, ராத்திரி மூச்சு நிக்குதா?" என்று என்னைத்தான் கேட்டார். செல்போனில் எடுத்து வைத்திருந்த வீடியோவைக் காட்டினேன். உடனே திருச்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து காற்றுப் பாதையை அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை பதறி எழுப்புகிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இப்படியே விடிந்தால் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். இந்திப்பட இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மறைந்தபோது டாக்டர்கள் சொன்ன காரணமும் இதுதான். லாரி ஓட்டுகிறவருக்கோ அதற்கெல்லாம் முன்பே ஆபத்து. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் கண் அயர்ந்தால் போதுமே!

பரிசோதனையில் வலி கிடையாது. தலையில் ஒயர்கள், நெஞ்சில் பட்டை, மூக்கில் சின்னக் குழாய், விரலில் கிளிப் மாட்டி ஓர் இரவு தூங்க வைக்கிறார்கள். சிலருக்கு வீட்டிலேயே சிறு கருவி வைத்தும் பார்ப்பதுண்டு. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதையும் மிகக் குறைவதையும் எண்ணுகிறார்கள். மணிக்கு ஐந்துக்குள் இருந்தால் பயமில்லை, முப்பதைத் தொட்டால் கடுமை. இவருக்கு 42!

வைத்தியம் சி-பாப் என்ற மெஷின். மூக்கில் முகமூடி மாட்டிக்கொண்டால் மெல்லிய காற்றழுத்தம் தொண்டையை மூடவிடாமல் தாங்கும். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் என்ற டாக்டர் 1981-ல் வெளியிட்ட முறை இது. முதல் வாரம், "யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கு, எடுத்துடு" என்று ஒரே சண்டை. நான் விடவில்லை. முதலில் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு என் சங்கிலியை அடகு வைத்து வாங்கினோம். கரண்ட் போனால் நிற்காதபடி இன்வெர்ட்டரில் கொடுத்திருக்கிறோம். முகமூடியைத் தினமும் கழுவுவது என் வேலை. இரண்டு மாதம் வண்டியைத் தொடவில்லை. வருமானம் இல்லாமல் திண்டாடினோம்தான். டாக்டர் சரி என்ற பிறகே சாவியை எடுத்தார். இப்போது மத்தியானத் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

மூக்கில் நெய் விடச் சொல்பவர்கள் உண்டு. நெய்யால் தொண்டைச் சதை இறுகுமா? எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, மதுவை விடுவது, தூக்க மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடாதிருப்பது, இவைதான் துணை செய்யும்.

பெண்களுக்கும் வரும், மாதவிலக்கு நின்ற பிறகு அதிகமாக. நமக்குப் பெரிய குறட்டை இல்லாமலே அசதி, தலைவலி, தூக்கமின்மை என்று காட்டும். வீட்டு வேலைக் களைப்பு என்று தள்ளிவிடுவோம். சின்னக் குழந்தை தினமும் குறட்டை விட்டு, வாயைத் திறந்தபடி தூங்கி, படுக்கையையும் நனைத்தால் டான்சில், அடினாய்டு வீக்கமாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். பல பிள்ளைகளுக்கு ஆபரேஷனில் குணமாகிறது.

இன்னொன்று. இந்த நோய் உள்ளவருக்கு வேறு எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, மெஷினையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.