வாரங்களை விழுங்கியவர் யார்?

24 வாரம்! அதற்குள் வந்தால் சட்டம் தாய். ஒரு நாள் பிந்தி வந்தால் அதே சட்டம் மாமியார். கருச்சிதைவு பற்றி நாட்டிலே நடைபெறும் வாதப் பிரதிவாதங்கள் எல்லாம் கடைசியில் வந்து நிற்பது இந்த ஒரு கணக்கிலேதான். உயிர் எப்போது துவங்குகிறது என்று தத்துவம் பேசுவோர் பேசட்டும். உரிமை எங்கே முடிகிறது என்று சட்டம் பேசுவோர் பேசட்டும். நாம் கேட்பது பாட்டாளி வீட்டுக் கேள்வி: அந்த வாரங்களை எங்கிருந்து எண்ணுகிறார்கள்? எண்ணிக்கொண்டிருக்கும் போதே அதிலே பாதியை விழுங்கி ஏப்பம் விடுபவர் யார்?

முதலில் எண்ணும் முறையைச் சொல்லிவிடுகிறோம். தோழர்கள் பலருக்கு, ஏன், மேடையேறி முழங்குவோரில் பலருக்கே, இது தெரியாது. கரு உண்டான நாளிலிருந்து டாக்டர்கள் எண்ணுவதில்லை; கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். ஆக, கரு உண்டாவதற்கு முன்பே ஏறத்தாழ 2 வாரம் கணக்கிலே ஏறிவிடுகிறது! நாள் தள்ளிப் போயிற்றே என்று அந்தப் பெண் விரல் மடக்கும்போது 4 வாரம் போயிற்று. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் 2024 மே 1-இல் 6 வாரத் தவணை நடைமுறைக்கு வந்தது. ஒன்றரை மாதம் இருக்கிறதே, போதாதா என்று கேட்கத் தோன்றும். நாள் தள்ளியதை உணர்ந்த பிறகு அவளுக்குக் கிடைப்பது 2 வாரம்! அதுவும் மாதம் தவறாமல் விலக்காகிறவளுக்கு. செங்கற்சூளையிலே வெந்து, வயற்சேற்றிலே நலிந்து, விலக்கு ஒழுங்கு தப்பிப் போனவளுக்கு? அவள் கணக்கு எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிவைத்த தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு, பெண்ணின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருக்கலைப்பது குற்றம் என்றது. கலைத்தவருக்கு மட்டுமல்ல, கலைத்துக்கொண்டவளுக்கும் சிறை. வெள்ளைக்காரன் போனான்; பிரிவு போகவில்லை. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்துக்கு நாக்கைச் சுளுக்கும் வடமொழிப் பெயர் சூட்டினார்கள். 312 என்ற எண் 88 ஆயிற்று. சரக்கு பழைய சரக்குதான். அப்படியானால் 1971-இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம் செய்தது என்ன? குற்றத்தை ஒழிக்கவில்லை, குற்றத்துக்கு விலக்கு அளித்தது. 12 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து, 20 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்து என்று எல்லை போட்டது. எதற்காக இந்தச் சட்டம் என்று விளக்கும் நோக்க உரையிலே மூன்று காரணங்கள்: பெண்ணின் உடல், மன நலம் ஒன்று, பலாத்காரத்துக்கு ஆளானவள் போன்றோரிடம் காட்டும் மனிதாபிமானம் மற்றொன்று, குறையுள்ள குழந்தை பிறந்துவிடுமே என்ற கவலை மூன்றாவது. பெண்ணின் விருப்பம் என்று நான்காவது காரணம் உண்டா என்று தேடினோம், காணோம்!

வறுமை குறையும், தாயின் உடல் தேறும் என்று மற்றவர்கள் கர்ப்பத்தடைக்குக் காரணம் அடுக்கியபோது, பெண் விடுதலை பெறுவதற்கே அது வேண்டும் என்று 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலிலே வாதாடினார் பெரியார். டில்லியிலே சட்டம் இயற்றியவர்கள் அந்த வாசற்படியை மிதிக்கவே இல்லை. இன்றும், வேண்டாம் என்று பெண் சொன்னால் போதாது. வேண்டாம் என்பதற்குத் தக்க காரணம் உண்டு என்று டாக்டர் கருத வேண்டும்.

20 வாரம் என்ற கதவிலே தலையை மோதிக்கொண்டவர்கள் பலர். கருவின் உறுப்புக் குறையைக் காட்டும் ஸ்கேன் எடுப்பதே 18, 20 வாரம் வாக்கிலேதான். குறை தெரிந்து, இன்னொரு டாக்டரிடம் காட்டி உறுதி செய்வதற்குள் தவணை தீர்ந்துவிடும். 2008-இல் மும்பைத் தம்பதி ஒருவர், வயிற்றுக் குழந்தைக்கு இதயக் கோளாறு என்று 24-ஆவது வாரத்தில் அறிந்து ஐகோர்ட்டு ஏறினர். ஆகஸ்ட் 4-இல் மனு தள்ளுபடி. அதே மாதத்தில் கரு தானே சிதைந்தது. அவர்கள் எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லப் பார்லிமெண்டுக்கு 13 ஆண்டு பிடித்தது. 2021-இல் திருத்தம் வந்தது. 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். 20 முதல் 24 வரை இரண்டு டாக்டர், அதுவும் குறிப்பிட்ட சில பெண்களுக்கு மட்டும் — பலாத்காரத்துக்கு ஆளானோர், வயது வராதோர், கருவுற்றபின் விதவையானோர், மணவிலக்கானோர், ஊனமுற்றோர் என்று ஒரு பட்டியல். கருவிலே கடுங்குறை என்று மருத்துவ வாரியம் கண்டால் வாரக் கணக்கே கிடையாது. முன்னேற்றந்தான், மறுக்கவில்லை.

ஆனால், 2022 ஜூலையில் டில்லியில் நடந்ததைக் கேளுங்கள். 25 வயதுப் பெண், மணமாகாதவள், உழவர் வீட்டிலே ஐந்து பிள்ளைகளில் மூத்தவள். நம்பியவன் மணக்க மறுத்துவிட்டான். ஐகோர்ட்டு வாசலிலே அவள் நின்றபோது 24 வாரம் முடியச் சில நாட்களே பாக்கி. விதவைக்கு உண்டு, மணவிலக்கானவளுக்கு உண்டு, மணமாகாதவளுக்கு விதியிலே இடமில்லை என்று ஜூலை 15-இல் கையை விரித்தது ஐகோர்ட்டு. தாலி ஏறி இறங்கியவளுக்கு ஒரு நீதி, தாலியே ஏறாதவளுக்கு ஒரு நீதி! ஜூலை 21-இல் சுப்ரீம் கோர்ட்டு குறுக்கிட்டது. அவள் உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவ வாரியம் சொன்னால் செய்யலாம் என்றது. தேதியை எண்ணிப் பாருங்கள் தோழர்களே! வழக்கு நடந்த நாட்களே தவணையைத் தின்று தீர்த்துவிட்டன. பிறகு செப்டம்பர் 29-இல் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான பெஞ்சு விரிவான தீர்ப்பு அளித்தது: மணமானவள், ஆகாதவள் என்ற பேதம் செல்லாது, இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை கணவன் செய்யும் பலாத்காரமும் பலாத்காரமே. கைதட்டி வரவேற்க வேண்டிய தீர்ப்பு.

கைதட்டிய ஓசை அடங்குவதற்குள் அடுத்த ஆண்டு வந்தது. 2023 அக்டோபர். இரண்டு குழந்தைகளின் தாய், 27 வயது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், அதனால் விலக்கு நின்றிருந்தது, கருவுற்றது தெரியவில்லை. பேறுகாலத்துக்குப் பின் வந்த மனநோய்க்கு மருந்து வேறு சாப்பிட்டு வந்தாள். அக்டோபர் 9-இல் இரண்டு நீதிபதிகள் — இருவரும் பெண்கள் — அனுமதித்தார்கள். மறுநாளே எய்ம்ஸ் டாக்டரிடமிருந்து கடிதம்: கரு உயிரோடு பிறக்கக்கூடும், என்ன செய்வது? 11-ஆம் தேதி அதே இரு நீதிபதிகளும் கருத்து வேறுபட்டனர். பெண்ணின் முடிவே முடிவு என்றார் நாகரத்னா; மனச்சாட்சி இடம் தரவில்லை என்றார் ஹிமா கோலி. 16-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் சேர்ந்து மறுத்தனர். 24 வாரம் தாண்டிவிட்டது, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, கருவிலே குறையில்லை, பிரசவச் செலவை சர்க்கார் ஏற்கும், தத்துக் கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம். செலவு சர்க்காருடையது, பிள்ளை தத்தெடுப்பவருடையது, வயிறு யாருடையது?

எதிர்ப்போர் வாதத்தை ஒளிக்கத் தேவையில்லை. 26 வாரத்துக் கரு, வெளியே எடுத்தால் பிழைக்கக்கூடியது. அதன் இதயத் துடிப்பை நிறுத்து என்று எந்தப் பேனா எழுதும் என்கிறார்கள். கனமான கேள்வி. பிரிட்டனிலே 28 வாரமாக இருந்த எல்லையை 1990-இல் 24 ஆகக் குறைத்ததற்கும் காரணம் இதுவே: குறைமாதக் குழந்தைகளைப் பிழைக்கவைக்கும் கருவிகளும் மருத்துவமும் வளர்ந்துவிட்டன. எல்லையே கூடாது என்று நாம் வாதாடவில்லை. எல்லை வைத்தவர்கள், அந்த எல்லைக்குள் வந்து சேர வழியைத் திறந்து வைத்தார்களா என்று கேட்கிறோம்.

மாளிகை வீட்டு அம்மையார் 8-ஆவது வாரத்திலே காரிலே போகிறார், தனியார் மருத்துவமனையிலே காரியம் முடிகிறது, மாலையிலே வீடு திரும்புகிறார்; அவருக்கு 24-ம் ஒன்றுதான், 12-ம் ஒன்றுதான். கூலிக்காரன் மனைவிக்கோ, ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒருநாள் கூலி போகும். இங்கே லேடி டாக்டர் இல்லை, தாலுகாவுக்குப் போ. தாலுகாவிலே ஸ்கேன் இல்லை, ஜில்லாவுக்குப் போ. ஜில்லாவிலே டாக்டர் லீவு, வியாழக்கிழமை வா. வியாழக்கிழமை போனால், கோர்ட்டு ஆர்டர் கொண்டு வா! சட்டம் கேட்காத ஆர்டரை ஆஸ்பத்திரி கேட்கிறது. வம்பு நமக்கெதற்கு என்ற பயம். வாரங்களை விழுங்கியது அவளா? அவளுக்குச் சேரவேண்டிய வாரங்களை வாசலுக்கு வாசல் தின்றுவிட்டு, கடைசி வாசலிலே "ஏனம்மா தாமதம்?" என்று கேட்கிறார்கள்!

14 வயதுச் சிறுமி ஒருத்தி; பலாத்காரத்தால் கருவுற்றவள்; மகாராஷ்டிரம். 2024 ஏப்ரல் 22-இல் சுப்ரீம் கோர்ட்டு அனுமதி தந்தபோது ஏறத்தாழ 30 வாரம். அதற்கு மேல் செய்தால் மகளுக்கு என்ன ஆகுமோ என்று பெற்றோரே அஞ்சி, ஏப்ரல் 29-இல் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. உரிமை கையிலே வந்து சேர்ந்தது; அதை ஆளும் காலம் கடந்துவிட்டது.

மற்றவர்களைச் சாடிவிட்டு நம் தோழர்களை விட்டுவிடுவதா? "கணவன் கையெழுத்துப் போட்டால்தான்" என்று பல இடங்களிலே கேட்கிறார்கள். நம்மிலும் சிலர் மீசையை முறுக்கிக்கொண்டு, பார்த்துச் சொல்கிறேன் என்று இரண்டு கிழமை ஓட்டுகிறார்கள். சட்டத்திலே அப்படி ஒரு வரி இல்லை. 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதமே போதும். கணவன், மாமனார், அண்ணன் எவர் கையெழுத்தும் வேண்டாம். வயது வராதவளுக்கும் மனநோயாளிக்கும்தான் காப்பாளர் ஒப்புதல். அவள் பெயரை டாக்டர் வெளியிட்டால், 2021 திருத்தத்தின்படி டாக்டருக்கே ஓராண்டு வரை சிறை உண்டு. அந்த இரண்டு கிழமையைத் தின்றவர் நீதிபதியல்ல, டாக்டரல்ல, வீட்டுக்காரர்.

மருத்துவ வாரியத்துக்கு விதி தவணை போட்டிருக்கிறது: மனு கிடைத்த 3 நாளில் கருத்து, 5 நாளுக்குள் சிகிச்சை. அதே கண்டிப்பு முதல் ஆஸ்பத்திரியின் முதல் வாசலுக்கும் வரட்டும். பெண் அங்கே மனுக் கொடுத்த நாளிலே அவளுடைய வாரக் கணக்கு எழுதப்பட வேண்டும். அதற்குப் பிறகு அலைக்கழித்த நாட்களை அவள் தலையிலே கட்டக்கூடாது. அப்படி ஒரு திருத்தத்தைப் பார்லிமெண்டிலே நம் உறுப்பினர்கள் கேட்கட்டும். அதுவரை, ஊரிலே இப்படிப்பட்ட பெண்ணுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குச் செல்லும் தோழர்களும் தாய்மார்களும் வாய்ச்சொல்லோடு திரும்ப வேண்டாம். மனுவை எழுத்திலே கொடுங்கள்; மறுத்தால் மறுப்பையும் எழுத்திலே கேளுங்கள்; நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.