நட்டுக்கு வேறு வழியில்லை

'காரணம்' என்ற ஒரே சொல்லை வைத்து நாம் இரண்டு வேலை வாங்குகிறோம். மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் கம்பி அறுந்தால் அதற்குக் காரணம் எழுதுகிறோம். லேட்டாக வந்தவனைப் பார்த்து ஹெச்.ஓ.டி.யும் "என்னப்பா காரணம்?" என்றுதான் கேட்கிறார். கம்பிக்குச் சுமை மீறினால் அறுந்தே தீரும். நம்ம ஆள் விஷயத்தில் பஸ் லேட் என்பது உண்மையாகவே இருந்தாலும், முந்தின பஸ்ஸைப் பிடித்திருக்கலாமே என்ற கேள்வி மிச்சமிருக்கும். இந்த இரண்டும் பின்னிக் கிடந்த ஒரு விபத்தைச் சொல்கிறேன். சிவில்காரர்கள் மட்டும் படித்தால் போதாது.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலம், கான்சாஸ் சிட்டி. ஹயாட் ரீஜென்சி ஹோட்டல் 1980-இல் திறக்கப்பட்டது. அதன் பெரிய கூடத்தில் 2, 3, 4-ஆம் மாடி உயரத்தில் மூன்று நடைபாலங்கள், கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கின. 4-ஆம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே 2-ஆம் மாடிப் பாலம். முதல் டிராயிங்கில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி மேல்பாலத்தைக் கடந்து கீழ்ப்பாலம் வரை போகும். ஒவ்வொரு பாலமும் தனக்கென உள்ள நட்டின் மேல் உட்காரும்.

இதில் ஒரு தொல்லை. மேல் நட்டை அதன் இடத்துக்கு ஏற்ற, கம்பியின் கீழ்ப்பகுதி முழுக்க மரை வெட்ட வேண்டும். தூக்கி மாட்டும்போது மரை அடிபட்டால் போச்சு. எனவே ஒரு கம்பி இரண்டாக்கப்பட்டது. கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு ஒன்று. மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு இன்னொன்று. ஒர்க்ஷாப் புத்திக்கு நல்ல யோசனையாகத்தான் படும்!

கிணற்றுக் கயிற்றில் இரண்டு பேர் மேலும் கீழுமாகத் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் கையும் அவரவர் எடையைத் தாங்கினால் போதும். இப்போது கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு, மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொண்டால்? கயிற்றுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. மேலே இருப்பவர் கைக்கோ இரட்டைச் சுமை. மேல்பாலத்து நட்டின் கதியும் அதேதான்.

1981 ஜூலை 17 மாலை, கூடத்தில் நடன விழா. பாலங்களிலும் ஆட்கள். இரண்டு சேனல்களை எதிரெதிரே சேர்த்து வெல்டு செய்த பெட்டி உத்தரத்தில், அந்த வெல்டு வழியாகவே துளை போட்டிருந்தார்கள். நட்டும் வாஷரும் அதைப் பிளந்துகொண்டு உருவி வந்தன. மேல்பாலம் கீழ்ப்பாலத்தின் மேல், இரண்டும் கூட்டத்தின் மேல். 114 பேர் இறந்தார்கள். 200 பேருக்கு மேல் காயம். தள்ளித் தனியாகத் தொங்கிய 3-ஆம் மாடிப் பாலம் விழவில்லை. அதன் நட்டுகளுக்கு ஒரு பாலத்தின் சுமைதானே!

இவ்வளவும் நட்டின் கதை. அதற்கு யோசிக்கத் தெரியாது. சுமையைக் கொடுத்தோம், விளைவைக் கொடுத்தது.

மனிதர்கள் பக்கம் வாருங்கள். முதல் டிராயிங்கே விதிப்படி வேண்டிய பலத்தில் சுமார் 60 சதவீதம்தான் தாங்கும் என்று விசாரணையில் தெரிந்தது. மாற்றிய பிறகு அதிலும் பாதி. ஷாப் டிராயிங்கில் பொறியாளர் முத்திரை இருந்தது. அந்த இணைப்புக்குக் கணக்கு மட்டும் இல்லை. கிணற்றுக் கயிறு உதாரணம் புரிகிற எவரும் ஐந்து நிமிஷத்தில் போட்டிருக்கக்கூடிய கணக்கு அது. மாற்றத்தைப் போனில் கேட்டு ஒப்புதல் வாங்கினோம் என்றது கம்பி செய்து கொடுத்த தரப்பு. அப்படி ஒரு போனே வரவில்லை என்றது பொறியாளர் தரப்பு. இணைப்புகளை டிசைன் செய்வது ஃபேப்ரிகேட்டரின் வேலை என்றும் வாதாடிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. முத்திரை யாருடையதோ பொறுப்பும் அவருடையதே என்று முடிவாகி, இரண்டு பொறியாளர்களின் லைசென்ஸ் மிசௌரியில் ரத்தானது.