உப்புக் காற்றில் ஓடிய அல்டோ: வாங்குமுன் எங்கே பார்ப்பது?

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதைத்தான். ஆனால் மீற்றரைத் திருப்பிவைக்க ஆட்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அதைவிடப் பெரிய கேள்வி, அந்தக் கார் எங்கே ஓடியது என்பதே.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில், நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறின. அவற்றுள் ஒன்று சுசூகி அல்டோ 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கையால் மாற்றும் ஐந்து கியர். எடை குறைவு, பெற்றோல் செலவும் குறைவு. சிக்கலான மின்னணுப் பாகங்கள் அதிகம் இல்லாததால் ஊர்க் கராஜிலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ஹைபிரிட் வாகன்ஆர் வாங்குகிறவர் சீற்றுக்கு அடியில் இருக்கும் லிதியம் பற்றரியையும் நினைத்துக் கவலைப்பட வேண்டும். அல்டோக்காரருக்கு அது இல்லை.

ஆனால் தகடு மெல்லியது. மண்ணெண்ணெயில் ஓடிப் போர்க்காலத்தைத் தாண்டிய ஒஸ்ரின் கார்களின் கனத்த உடம்பை இதில் எதிர்பார்க்க முடியாது. பண்ணைத் தாம்போதி வழியாக வேலணை, குறிகட்டுவான் பக்கம் நாளாந்தம் உப்புக் காற்றில் போய்வந்த கார் என்றால், துரு பிடித்திருக்கிறதா என்று கட்டாயம் ஜாக்கில் தூக்கிப் பாருங்கள். கால்விரிப்பைக் கிளப்பி, ஸ்பெயார் ரயர் கிடக்கும் குழியையும் கதவுகளின் கீழ் ஓரத்தையும் விரலால் தடவுங்கள். அடிப்பக்கம் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூச்சோடு மினுங்கினால், அந்தப் பூச்சின் கீழ் என்ன இருக்கிறது என்று கேட்டே ஆகவேண்டும்.

அடுத்தது தண்ணீர். நமது கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு, கூலன்ற் விடாமல் கிணற்று நீரையே ஊற்றி ஓட்டிய ரேடியேற்றரின் நுண்குழாய்களையும் அடைக்கும். சூடேறினால் அலுமினியச் சிலிண்டர் ஹெட் வளையும், செலவு பெரிது. எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் போய் ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

குடாநாட்டில் கிளச்சைச் சோதிக்க ஏற்றம் கிடையாது. நாலாம் கியரில் மெதுவாகப் போகும்போது அக்சிலேற்றரைச் சட்டென்று மிதியுங்கள். வேகம் கூடாமல் எஞ்சின் மட்டும் இரைந்தால் கிளச் தேய்ந்துவிட்டது.

பதிவுப் புத்தகத்தில் உள்ள சசி, எஞ்சின் இலக்கங்களைக் காரில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் அதில் இருந்தால் முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஒரு குறையை எந்தக் கராஜாலும் திருத்த முடியாது. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு மோதிச் சோதித்த, எயார்பாக் இல்லாத அல்டோ 800 பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நல்லூருக்கும் போய்வர, துருவேறாத அல்டோ நல்ல கார். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இரவில் ஏ9 வழியே கொழும்புக்கு ஓடுகிறவர்கள், இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து எயார்பாக் உள்ள காராகப் பார்த்து வாங்குங்கள்.