வீட்டு ஆய்வில் வெப்ப எக்கியைச் சோதித்தல்

வெப்ப எக்கி (ஹீட் பம்ப்) என்பது கோடையில் வீட்டைக் குளிர்விக்கவும் குளிர்காலத்தில் சூடேற்றவும் பயன்படும் ஒரே கருவி ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், குறிப்பாகக் குளிர் கடுமையாக இல்லாத தென்கிழக்கு மாநிலங்களில், இது பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது. அந்நாட்டில் வீடு வாங்குபவர்கள் விற்பனையை முடிக்கும் முன் ஒரு வீட்டு ஆய்வாளரை அமர்த்தி வீட்டைச் சோதிப்பது வழக்கம். கூரை, அடித்தளம், மின் இணைப்பு, குழாய் வேலை ஆகியவற்றுடன் வெப்ப எக்கியும் அந்த ஆய்வில் அடங்கும்.

இந்தச் சோதனையில் ஒரு சிறப்பான சிக்கல் உண்டு. வெப்ப எக்கி பழுதடைந்திருந்தாலும் வீடு சூடாகவே இருக்கக்கூடும். கருவியுடன் இணைந்த துணை மின் சூடேற்றி அந்தப் பழுதை மறைத்துவிடும். வீடு வாங்கியவருக்கு உண்மை தெரியவருவது முதல் குளிர்கால மின்கட்டணம் வரும்போதுதான். எனவே "சூடான காற்று வருகிறதா?" என்று மட்டும் பார்ப்பது போதாது, அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஆய்வாளர் கண்டறிய வேண்டும்.

செயல்படும் விதம்

வெப்ப எக்கி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஓரிடத்தில் உள்ள வெப்பத்தை எடுத்து மற்றோரிடத்தில் விடுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே குளிர்ந்தும் பின்புறம் சூடாகவும் இருப்பது இதே தத்துவத்தால்தான். கம்ப்ரசர், வெளிச் சுருள், உட்சுருள், விரிவு வால்வு ஆகியவற்றின் வழியே குளிர்பதனப் பொருள் சுற்றி வருகிறது. சாதாரண ஏ.சி.யில் இல்லாத ஓர் உறுப்பு இதில் உண்டு. அது திசைமாற்று வால்வு. குளிர்பதனப் பொருள் பாயும் திசையை இது மாற்றுவதால், கோடையில் வீட்டின் வெப்பம் வெளியே தள்ளப்படுகிறது; குளிர்காலத்தில் வெளிக்காற்றின் வெப்பம் வீட்டுக்குள் வருகிறது.

வெப்பத்தை இடம் மாற்ற மட்டுமே மின்சாரம் தேவைப்படுவதால் செலவு குறைகிறது. மின் சூடேற்றி 1 யூனிட் மின்சாரத்துக்கு 1 யூனிட் வெப்பமே தரும். மிதமான குளிரில் வெப்ப எக்கி அதே மின்சாரத்துக்கு 2 முதல் 4 யூனிட் வரை வெப்பம் தரக்கூடும்.

ஆய்வின் எல்லை

வீட்டு ஆய்வு என்பது கண்ணால் பார்த்தும், வழக்கமான கட்டுப்பாடுகளைக் கொண்டு இயக்கியும் செய்யப்படுவது. குளிர்பதனப் பொருளின் அழுத்தத்தை அளக்க மானி இணைப்பது அதில் சேராது. அந்த வேலைக்கு அமெரிக்கச் சட்டப்படி தனிச் சான்றிதழ் பெற்ற தொழில்நுட்பர் தேவை.

பருவநிலையும் ஒரு தடையாகும். இன்டர்நாச்சி என்னும் வீட்டு ஆய்வாளர்கள் சங்கத்தின் விதிகளின்படி, வெளி வெப்பநிலை 65 பாரன்ஹீட்டுக்கு (சுமார் 18 செல்சியஸ்) கீழே இருந்தால் குளிரூட்டும் அமைப்பை இயக்கிப் பார்க்க ஆய்வாளர் கடமைப்பட்டவர் அல்லர். அதேபோல் கடும் வெயிலில் சூடேற்றும் நிலையில் நீண்ட நேரம் ஓட்டினால் அமைப்பில் அழுத்தம் அளவுக்கு மீறி உயரும். ஆகவே பெரும்பாலான ஆய்வுகளில் இரண்டு நிலைகளில் ஒன்றை மட்டுமே முழுமையாகச் சோதிக்க இயலும்.

ஆளில்லாத வீட்டில் வெப்ப எக்கியின் பிரேக்கர் அணைக்கப்பட்டிருந்தால் ஆய்வாளர் அதைத் தாமாகப் போடக்கூடாது. குளிரில் நின்றிருக்கும் கம்ப்ரசரின் எண்ணெயில் குளிர்பதனப் பொருள் கலந்திருக்கலாம். அந்த எண்ணெயைச் சூடாக வைக்கும் சிறு சூடேற்றி பல மணி நேரம் வேலை செய்யாமல் கம்ப்ரசரை ஓட்டினால் அது சேதமடையும்.

வெளி அலகு

வெளி அலகில் முதலில் பார்க்க வேண்டியவை:

• அலகு சமமான, உறுதியான தளத்தில் நிற்க வேண்டும். பனி பெய்யும் இடங்களில் பனிக்குவியலுக்கு மேலே இருக்கும்படி தாங்கியின் மீது உயர்த்தி வைத்திருக்க வேண்டும்.

• செடிகொடிகள், வேலி, உலர்ந்த இலைகள் ஆகியவை காற்றோட்டத்தைத் தடுக்கக்கூடாது.

• சுருளின் மெல்லிய தகடுகள் நசுங்கியோ அழுக்கடைந்தோ இருக்கக்கூடாது. குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை இருந்தால் அது கசிவின் அடையாளமாக இருக்கலாம்.

• பருமனான குழாயின் மீது வெப்பக் காப்பு உறை கிழியாமல் இருக்க வேண்டும்.

• மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அலகிலிருந்து பார்த்தால் தெரியும்படி, 50 அடிக்குள், எளிதில் அணுகும்படி இருக்க வேண்டும்.

அலகின் பெயர்ப்பலகையில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச பிரேக்கர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். மின்பெட்டியில் உள்ள பிரேக்கர் அதைவிடப் பெரிதாக இருந்தால் அது பாதுகாப்புக் குறைபாடு ஆகும். பழைய கருவியை மாற்றிப் புதியது வைக்கும்போது பழைய பிரேக்கரை அப்படியே விட்டுவிடுவதால் இக்குறை நேர்வதுண்டு.

உள் அலகு

உள்ளே காற்று வடிகட்டி, விசிறி, உட்சுருள், காற்றுக் குழாய்கள், நீர் வடிகால் ஆகியவை பார்க்கப்படும். வெப்ப எக்கிக்குப் போதிய காற்றோட்டம் இன்றியமையாதது. 1 டன் திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று தேவை என்பது பொதுவான கணக்கு. அடைபட்ட வடிகட்டி ஒன்றே முழு அமைப்பையும் திணறச் செய்யும்.

உள் அலகு கூரைக்கடியில் இருந்தால் அதன் கீழே இரண்டாவது நீர்த்தட்டு உள்ளதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தட்டில் தண்ணீரோ துருவோ இருந்தால் முதன்மை வடிகால் அடைபட்டிருக்கிறது அல்லது முன்பு அடைபட்டிருந்தது என்று பொருள்.

இயக்கிப் பார்த்தல்

தெர்மோஸ்டாட்டில் ஏற்கெனவே இருந்த அமைப்பை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். சூடேற்றும் நிலையில் வெப்பநிலையை ஒரேயடியாக உயர்த்தினால் துணை மின் சூடேற்றியும் சேர்ந்து இயங்கத் தொடங்கும். பிறகு எது சூடாக்குகிறது என்று பிரித்தறிய முடியாது. எனவே ஒவ்வொரு பாகையாக உயர்த்துவது நல்லது.

சுமார் 15 நிமிடங்கள் ஓடிய பின் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் வெளிவிடும் காற்றின் வெப்பநிலையும் அளக்கப்படும். குளிரூட்டும்போது இவற்றுக்கிடையே 14 முதல் 22 பாரன்ஹீட் (8 முதல் 12 செல்சியஸ்) வேறுபாடு இருப்பது இயல்பு. சூடேற்றும்போது இந்த வேறுபாடு வெளிக்குளிரைப் பொறுத்து மாறும். குளிர் கூடக்கூடக் குறையும். எரிவாயு உலை தரும் காற்றைப் போல இது கொதிக்கக் கொதிக்க வராது. உடல் வெப்பநிலையை ஒட்டி இருப்பதால் கையில் பட்டால் வெதுவெதுப்பாகவே தோன்றும். இதைப் பழுது என்று எண்ணக்கூடாது.

ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் முன் கருவியை நிறுத்திச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

துணை மின் சூடேற்றி மறைக்கும் பழுது

கடுங்குளிரில் வெப்ப எக்கியால் மட்டும் ஈடுகொடுக்க முடியாதபோது துணை மின் சூடேற்றி உதவிக்கு வருகிறது. கம்ப்ரசர் அடியோடு நின்றுபோனாலும் இதுவே வீட்டைச் சூடாக்கும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 3 டன் வெப்ப எக்கி மிதமான குளிரில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 3 யூனிட் மின்சாரத்தில் தரும் வெப்பத்தைத் தர, மின் சூடேற்றிக்கு ஏறத்தாழ 10 யூனிட் தேவைப்படும்.

இதைக் கண்டறியும் வழி எளிது. சூடேற்றும் நிலையில் வெளி அலகின் விசிறியும் கம்ப்ரசரும் ஓட வேண்டும்; அங்கிருந்து வீட்டுக்குள் செல்லும் பருமனான குழாய் நன்கு சூடாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் சூடான காற்று வந்தும் அந்தக் குழாய் குளிர்ந்தே இருந்தால், வேலை செய்வது மின் சூடேற்றி மட்டுமே. தெர்மோஸ்டாட் "அவசரச் சூடு" நிலையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அந்நிலையில் கம்ப்ரசர் ஓடாது. வீட்டுக்காரர் அதை நிரந்தரமாக அப்படியே வைத்திருந்தால் அதற்குக் காரணம் கேட்பது தகும்.

பனிநீக்கச் சுழற்சி

குளிர்காலத்தில் வெளிச் சுருள் மீது மெல்லிய உறைபனி படிவது இயல்பு. அதை உருக்க, கருவி சில நிமிடங்கள் தானாகக் குளிரூட்டும் நிலைக்கு மாறும். அப்போது வெளி விசிறி நிற்கும். அலகிலிருந்து ஆவி எழும். இதைப் புகை என்று எண்ணி அஞ்சுவோர் உண்டு. ஆனால் சுருள் முழுவதும் தடித்த பனிக்கட்டி மூடியிருந்தால் பனிநீக்கக் கட்டுப்பாடு, காற்றோட்டம், குளிர்பதனப் பொருளின் அளவு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் குறை இருக்கலாம்.

வயதும் குளிர்பதனப் பொருளும்

ஆண்டு முழுவதும் ஓடுவதால் வெப்ப எக்கி பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் வரை உழைக்கும். பெயர்ப்பலகையில் குளிர்பதனப் பொருளின் வகையும் இருக்கும். ஆர்-22 இன் உற்பத்தியும் இறக்குமதியும் அமெரிக்காவில் 2020 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆகவே ஆர்-22 கொண்ட பழைய கருவியில் கசிவு ஏற்பட்டால், பழுதுபார்ப்பதைவிடக் கருவியையே மாற்றுவது சிக்கனமாக அமையலாம்.

அறிக்கை

சோதித்த நாளின் வெளி வெப்பநிலை, எந்த நிலையில் இயக்கப்பட்டது, அளந்த வெப்பநிலைகள், கருவியின் வயது ஆகியவை அறிக்கையில் இடம்பெற வேண்டும். எந்த நிலை சோதிக்கப்படவில்லை, ஏன் என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். கோடையில் நடந்த ஆய்வில் கருவி நன்றாகக் குளிர்வித்தது என்பது அது குளிர்காலத்தில் சூடேற்றும் என்பதற்குச் சான்றாகாது. திசைமாற்று வால்வோ பனிநீக்கக் கட்டுப்பாடோ பழுதாகியிருக்கலாம். ஐயம் இருந்தால், விற்பனை முடியும் முன்பே தகுதி பெற்ற தொழில்நுட்பரைக் கொண்டு மேலும் சோதிக்குமாறு பரிந்துரைக்க வேண்டும்.