பாலும் கன்றும்

தாயைப் போலப் பிள்ளை என்பது முதுமொழி. பால் மிகுந்த பசுவின் நாகும் பால் மிகுந்ததாய் இருக்கும் என்ற நம்பிக்கையிலேயே மனிதன் தொன்றுதொட்டுக் கால்நடைகளைத் தெரிந்தெடுத்து வளர்த்து வந்துள்ளான். ஆயின், தாயிடமிருந்து நாகுக்குச் செல்வது பால் வளம் ஒன்று மட்டுமன்று. நாம் விரும்பி அழைக்கும் குணத்துடன் அழையாத குணமும் கூடி வந்துவிடுகின்றது.

கருமையும் வெண்மையும் கலந்த ஹொல்ஸ்டைன் இனம் இதற்குத் தக்க சான்றாகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், அமெரிக்காவில் பாலளவையே முதன்மையாகக் கொண்டு இவ்வினக் காளைகள் தெரிந்தெடுக்கப்பட்டன. பசுவொன்று ஆண்டில் தரும் பால் இரு மடங்குக்கும் மேலாகப் பெருகிற்று. நல்ல தீனும் பராமரிப்பும் அதற்குத் துணைநின்றன. அதே காலத்தில் பசுக்கள் சினைப்படும் ஆற்றல் குன்றிற்று. சினைப்படாத பசு கன்று ஈனாது. கன்று ஈனாவிடின் அடுத்த கறவையும் இல்லை. எனவே, பால் வளம் மிக்க பசுக்களும் இளவயதிலேயே பட்டியை விட்டு நீக்கப்பட்டன.

பட்டியை மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவ்வுண்மை எளிதிற் புலப்படாது. நல்ல தீன் பெறும் பசு பாலும் மிகுதியாகத் தரும். காலத்திற் சினையும் படும். ஆகவே இரு குணங்களும் நட்புடையன போலவே தோன்றும். சூழல் தரும் உறவு வேறு. பரம்பரை தரும் உறவு வேறு. இவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு?

அமெரிக்க அறிஞர் லனோய் ஹேசல் 1943 ஆம் ஆண்டில், பன்றிகளைப் பற்றிய ஆய்வின்வழி இதற்கு வழி காட்டினார். இரு குணங்களையும் ஒரே உயிரில் ஒப்பிடாது, உறவினரிடையே குறுக்காக ஒப்பிடுதலே அவ்வழி. பசுக்களுக்குப் பொருத்திக் கூறின், தாயின் பாலளவை மகளின் சினைத்திறனோடும், தாயின் சினைத்திறனை மகளின் பாலளவோடும் ஒப்பிடல் வேண்டும். பின்னர், ஒவ்வொரு குணமும் தனித்தனியே தாய்க்கும் மகளுக்கும் எவ்வளவு ஒத்திருக்கின்றது என்பதையும் சேர்த்துக் கணிக்க, −1 க்கும் +1 க்கும் இடைப்பட்ட ஓர் எண் பெறப்படும். நேரெண்ணாயின் இரண்டும் சேர்ந்து வளரும், எதிரெண்ணாயின் ஒன்று வளர மற்றது தேயும், பூச்சியமாயின் தொடர்பில்லை.

ஆயினும், ஒரே பட்டியில் வளர்ந்த தாயும் மகளும் ஒரே வகைத் தீனைப் பெற்றிருக்கக்கூடும் அன்றோ? செயற்கை முறைச் சினைப்படுத்தல் பரவியபின் இவ்விடர் பெரிதும் நீங்கிற்று. ஒரு காளையின் மகள்கள் நூற்றுக்கணக்கான பட்டிகளில் வளர்வதால், பட்டிக்குப் பட்டி உள்ள வேறுபாடுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எஞ்சுவது தந்தையின் கொடையே. இன்று கணனிகள் இலட்சக்கணக்கான பசுக்களின் வம்சாவளியை ஒருங்கே கொண்டு இக்கணிப்பைச் செய்கின்றன. ஹொல்ஸ்டைன் இனத்தில் பாலுக்கும் சினைத்திறனுக்கும் இடையே கிடைத்தது எதிரெண்ணே.

எனினும் அவ்வெண் −1 அன்று. ஆதலின், இரு குணங்களிலும் சிறந்த மகள்களைத் தரும் காளைகளும் சில உண்டு. ஒவ்வொரு குணத்துக்கும் உரிய நிறையிட்டு, மொத்தப் புள்ளியால் அவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். நோர்வே நாட்டினர் 1970 களிலேயே சினைத்திறனையும் நோயின்மையையும் தம் செந்நிறப் பசுக்களின் தேர்வில் சேர்த்துக்கொண்டனர். அமெரிக்காவில் மகள்களின் சினைத்திறன் 2003 ஆம் ஆண்டில் மதிப்பீட்டிற் சேர்ந்தது. அதன்பின், பால் குறையாமலே சினைத்திறனின் வீழ்ச்சி தடுக்கப்பட்டது.

வேண்டியதை மட்டும் அளப்பவர், வேண்டாதது உடன்வளர்வதைக் காலந்தாழ்த்தியே காண்பர். கணிதம் எதற்கு என வினவும் மாணவர்க்கு, பட்டியிலும் அதற்குப் பணியுண்டு என்றே நாம் விடை கூறுவோம்.